ஐந்து கால் மாடு

தேன்குழல் வார இதழ்
சென்னை
20.5.1998

ஓவியர் திரு. செழியன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். அலுவலகத்தில் அனைவரும் நலம்.

கடந்த பதின்மூன்று ஆண்டுகளாக நமது இதழின் கடைசிப் பக்கத்தில் தாங்கள் வரைந்துவரும் 'ஆறு வித்தியாசங்கள்' பகுதி வாசகர்களின் பேராதரவைப் பெற்றிருப்பது தாங்கள் அறிந்ததே. அந்த ஆதரவுக்கு மேலும் மெருகேற்றும் வகையில், அடுத்த இதழ் முதல் அப்பகுதியைக் கம்ப்யூட்டர் மூலம் அலுவலகத்திலேயே தயாரிப்பது என்று நிர்வாகம் முடிவு செய்துள்ளது. ஒரு படம் போட்டுவிட்டால் இரண்டாவது படத்தைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்கிறது. வாரம் இரண்டு படம் வரையும் சிரமம் தங்களுக்கு இனி இல்லை.

தாங்கள் முன்கூட்டி அனுப்பியிருந்த நான்கு வாரப் படங்களைத் திரும்பப் பெற விரும்பினால் தபால்தலை ஒட்டிய உறை அனுப்பவும். இலவசப் பிரதி இம்மாதத்துடன் நிறுத்தப்படுகிறது. ஆண்டுச் சந்தா கட்டுவதானால், முன்னாள் பங்களிப்பாளர் என்ற முறையில் தங்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.

தங்கள் கலைப்பணி மேலும் சிறக்க வாழ்த்துகிறோம்.

நிர்வாக ஆசிரியருக்காக,
(ஒப்பம் புரியவில்லை)

*

பிலாய்
17.6.1998

அன்புத் தம்பி செழியனுக்கு,

அக்கா மணிமொழி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுமாரான சுகம், வெயில் பூரண சுகம். நீ, பொன்னி, சிந்துஜா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம் என்றால் பேச்சைவிட மீட்டரைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கடிதம்.

தேன்குழல் இங்கே தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் பத்து நாள் கழித்து வருகிறது. வந்த அன்று கடைசிப் பக்கம் எனக்கு என்பது சங்கத்தில் எழுதப்படாத விதி. இந்த முறை ஐந்து வித்தியாசம் காபி ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. ஆறாவதற்கு அரை மணி நேரம். கடைசியில் அது அச்சு மை தெறித்த புள்ளி என்று தெரிந்தது. அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாயா?

அது போகட்டும். படத்தில் ஒரு மாடு நிற்கிறதே, அதற்கு ஐந்து கால். இடது படத்திலும் ஐந்து, வலது படத்திலும் ஐந்து. ஆகவே அது வித்தியாசம் இல்லை. பிறகு அது என்ன? ஓரத்தில் எறும்பு போலப் போடும் உன் கையெழுத்தையும் காணோம். கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்னவோ, போய்க் காட்டு.

மாமாவுக்கு முழங்கால் வலி. உன் பக்கத்தை அவரிடம் காட்டினால் வழக்கம்போல் "உம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவர் பிடித்துக் கொடுத்த டிரேசர் வேலையை எட்டாவது மாதமே விட்டுவிட்டு 1985-இல் நீ ஊருக்கு ரயிலேறினாய். அன்றிலிருந்து உன் தொழிலைப் பற்றி அவர் நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு.

அன்புள்ள அக்கா,
மணிமொழி

*

திருவண்ணாமலை
30.6.1998

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன் வணக்கம். மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். மாமாவின் முழங்காலுக்கு எண்ணெய் தடவிப் பார்த்தாயா?

மாட்டில் பிழை இல்லை. நீ ஊருக்கு வந்து நாளாகிவிட்டதால் உனக்குத் தெரிய நியாயமில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இப்போது லட்சக்கணக்கில் வருகிறது. அடி அண்ணாமலைப் பக்கம் ஐந்து கால் மாடு ஒன்றுக்குப் பட்டுத்துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். தொட்டுக் கும்பிட்டுக் காசு போடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் வரைந்தது. அதன் ஐந்தாவது கால் திமிலிலிருந்து தொங்கும். படத்தில் தரையில் ஊன்றியிருக்கிறது. அந்த அளவு சுதந்திரம் ஓவியனுக்கு உண்டு.

கையெழுத்துக்குப் புதிய லே-அவுட்டில் இடமில்லை. மைப்புள்ளியைப் பற்றி அச்சகத்தாரிடம்தான் கேட்க வேண்டும். உன் கடிதம் வந்ததும் கருப்பன் சலூனுக்குப் போய் அந்த இதழை மறுபடி ஒருமுறை பார்த்தேன். முடியும் வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மாறுதலுக்காக இப்போது தவளை வரைகிறேன். இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதியாக வேண்டும். அவர்களுக்குத் தவளை வராது. முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு நோட்டு, ஒரே தவளை, அதே குடல். எல்லாம் ஒரே கை போட்டது என்று தெரியக்கூடாதாகையால் ஒவ்வொரு தவளைக்கும் ஒரு சுபாவம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பதினேழாவது தவளை கொஞ்சம் அவசரக்காரன். கணையத்தைப் போடுவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது. பொழுதுபோக்குக்கு நல்ல வேலை.

மாமாவுக்கு என் வணக்கம். அவர் கேட்டால் மட்டும் சொல்.

அன்புத் தம்பி,
செழியன்

*

பிலாய்
25.7.1998

அன்புத் தம்பி செழியனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூவரும் குறையில்லாமல் இருப்பதாக எழுதியிருந்தாய், சரி. இங்கே மழை இறங்கிவிட்டது, மாமாவின் முழங்கால் அதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டது.

மாட்டைப் பற்றிய விளக்கத்தை ஒப்புக்கொண்டேன். இந்த வாரக் கல்யாணப் படத்தில் மணப்பெண்ணுக்கு இரண்டு பக்கமும் ஆறு விரல். அவளையும் கிரிவலப் பாதையில் பார்த்தாயா? நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஆனால் படம் பளபளப்பாக இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

வேறொரு விஷயம். உனக்குச் சம்பந்தமில்லாததுதான். மாமாவின் சிநேகிதர் ராமகிருஷ்ணன் என்று ஒரு ஒப்பந்தக்காரர். அவருடைய டிராயிங் ஆபீஸில் டிரேசர் ஒருவர் வேண்டுமாம். உனக்குத்தான் தெரியுமே, மூலப் படத்தின் மேல் மெல்லிய தாள் விரித்து, கோடு பிசகாமல் அப்படியே பிரதி எடுக்கும் வேலை. மாதச் சம்பளம், தங்க அறை. ராமகிருஷ்ணன் கம்ப்யூட்டரை நம்பாத மனுஷர். கோடு போடப் பழகிய, நடுத்தர வயசுக் குடும்பஸ்தராக இருந்தால் தேவலை என்கிறார்.

உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி யாராவது இருந்தால் எழுது. யாரும் இல்லையென்றால் இல்லை என்று எழுது. எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

பொன்னியைக் கேட்டதாகச் சொல். சிந்துஜா பத்தாம் வகுப்பு, அவள் படிக்கும்போது ரேடியோ போடாதே.

அன்புள்ள அக்கா,
மணிமொழி

*

திருவண்ணாமலை
19.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சௌக்கியத்துக்குக் குறைவில்லை. பதில் தாமதமானதற்குத் தவளைகள் காரணம்.

மணப்பெண்ணின் ஆறாவது விரலைச் சலூனில் போய்ச் சரிபார்த்தேன். அது பூவின் காம்பு. நாதஸ்வரக்காரரைப் பற்றி எனக்கும் திருப்தியில்லை.

நீ கேட்டிருந்த ஆளைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒருவர் இருக்கிறார். எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. வயது நாற்பத்திரண்டு. மனைவி, ஒரு பெண். பல வருடமாக ஒரே இடத்துக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கடிதத்தில் அது நின்றுபோனது. அதை அவர் வெளியே சொல்வதில்லை. காலையில் வழக்கம்போல் குளித்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்து பென்சில் சீவுகிறாராம். ஜூன் மாதம் மட்டும் ஒரு டஜன் பென்சில் சீவியே தீர்ந்ததாம்.

சில்லறை வேலைகள் செய்து பார்க்கிறார். கார்த்திகை தீபத்துக்குள் நிலையாக ஒன்று அமையாவிட்டால் வெளியூர் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவருக்கே தெரிகிறது. போனால் சொந்தமாகப் படம் வரைவதை அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான் என்கிறார். பகலெல்லாம் பிறத்தியார் கோட்டின் மேல் கோடு போட்டவனுக்குச் சாயங்காலம் சொந்தக் கோடு வராதாம்.

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை இப்படி ஒரு வெளியூர் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர். வாங்கிக் கொடுத்த மனுஷர் முகத்தில் மறுபடி எப்படி விழிப்பது என்று கேட்கிறார். நீ என்ன சொல்வாய்?

மாமாவுக்கு வணக்கம்.

அன்புத் தம்பி,
செழியன்

*

பிலாய்
5.9.1998

அன்புத் தம்பி செழியனுக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கும் அப்படியே என்று நீ எழுதுவாய் என்று தெரியும்.

அந்த ஆளைப் பற்றிப் படித்தேன். எனக்கும் அவர் பழக்கமில்லை. இருந்தாலும் சில விஷயங்கள் தெரிந்துகொள்ள ஆசை. வேளைக்குச் சாப்பிடுகிறாரா? அவர் மனைவிக்கு விஷயம் தெரியுமா, இல்லை அவளுக்கும் லே-அவுட் கதைதானா? அவருக்கு அக்கா யாராவது உண்டா? இருந்தால் அவளிடம் ஏன் சொல்லவில்லை? ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிடுவாள் என்று பயமா?

மாமாவிடம் "செழியனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று மட்டும் சொன்னேன். "பேரே இல்லாத ஆளுக்கு எப்படிடி வேலை கேக்கறது? ராமகிருஷ்ணன் என்னைத்தானே கேப்பான். பேரு, விலாசம், ரெண்டும் வாங்கு" என்கிறார். மாமா எதையும் பாதியில் விடமாட்டார், உனக்கே தெரியும். ஆகவே அந்த ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும். என்ன பெயர் என்பது எனக்கு முக்கியமில்லை. அவர் வந்து சேர்ந்தால் போதும். மற்றதை மாமாவிடம் நான் மெதுவாகச் சொல்லிக்கொள்வேன்.

பொன்னி எப்படி இருக்கிறாள்? அவள் கடிதம் போட்டு ஒரு வருடம் ஆகிறது.

அன்புள்ள அக்கா,
மணிமொழி

*

திருவண்ணாமலை
1.10.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அனைவரும் சுகம்.

உன் கேள்விகளை அவரிடம் கேட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறார். அவர் மனைவி ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர், எல்லாம் தெரியும், வீடு இப்போது அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அக்கா ஒருத்தி இருக்கிறாளாம். சொன்னால் அக்கா வருத்தப்படுவாளே என்று அவர் பயப்படவில்லை. வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் கடிதம் எழுதுவாள், அதைப் படிக்கத்தான் பயமாம்.

வரச் சம்மதித்துவிட்டார். போன வாரம் முழுக்க யோசித்து, நேற்றுச் சொன்னார். மாமாவிடம் தெரிவித்துவிடு.

பெயர், அப்பாதுரை. விலாசம், ஸ்டார் ஆர்ட்ஸ், பேருந்து நிலையம் எதிரில், திருவண்ணாமலை. போர்டும் நம்பர் பிளேட்டும் எழுதும் கடை. நான் பகலெல்லாம் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து தவளை வரைகிறேன், வீட்டில் வெளிச்சம் போதவில்லை. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். எந்தக் கடிதம் வந்தாலும் என் கைக்குத்தான் முதலில் வரும். அவர் பிலாயில் வந்து இறங்கியதும் பெயர் விஷயத்தைப் பேசிக்கொள்ளலாம்.

இந்த வாரத் தேன்குழல் பார்க்கவில்லை. கருப்பன் இனிமேல் வெட்ட முடியில்லை என்கிறான்.

அன்புத் தம்பி,
செழியன்

*

திருவண்ணாமலை
27.10.1998

அண்ணிக்குப் பொன்னியின் வணக்கம்.

நானும் சிந்துஜாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் தம்பியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். இதை அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு ராமதாஸ் அண்ணன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய வேலைக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கென்று பார்த்து இவர் தவளை நோட்டுகளைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போயிருந்தார். கடை அப்பாதுரை அண்ணனுடையது, கடிதத்தில் இருக்கும் பேரும் அவருடையது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார்?

சாயங்காலம் ஒரு கிலோ ஜாங்கிரியோடு குடும்பமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"செழியா, நம்ம பேரு பிலாய் வரைக்கும் போயிருக்குதுப்பா! ராமதாஸ்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. யாரு எவருன்னே தெரியல. மாசச் சம்பளம், தங்கறதுக்கு ரூமு, டிரெயின் சார்ஜு கூட மணியார்டர்ல வருதாம்."

இவர், "அப்படியா?" என்றார்.

"அம்பது வயசுல யாருப்பா தேடி வந்து வேலை குடுக்கறான்? கோடு நேரா போடணுமாம். நான் முப்பது வருஷமா நம்பர் பிளேட்ல வேற என்னா போடறேன்?"

"நேராத்தான் போடறீங்கண்ணே."

"நீயே சொல்லிட்ட. அப்புறம் என்னா!"

அவர் சம்சாரம் திரௌபதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பொண்ணை வெச்சிக்கினு முழிச்சிக்கினு இருந்தோம். எந்தச் சாமி குடுத்துதோ டீச்சர்" என்று அழுகிறார். சாமி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தது. அதை எப்படிச் சொல்வேன்?

அவர்கள் போன பிறகு, "சொல்லிடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். "சொல்லிடுங்க, இப்பவே போய்ச் சொல்லிடுங்க" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"சொன்னீங்களா?"

"அவரு பொட்டி வாங்கியிருந்தாரு" என்றார். அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அது இரக்கமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை அண்ணி. இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்திருக்கிறார். இந்த மனுஷர் அங்கே வர மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு வாரம் தூங்கவில்லை. தூரிகையெல்லாம் கழுவிக் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து அன்றைக்கு நான் கொஞ்சம் அழுதேன். இப்போது போக வேண்டியவர் இங்கே இருக்கிறார், அப்பாதுரை அண்ணன் சனிக்கிழமை ரயிலேறுகிறார்.

கடைச் சாவியை இவரிடம் கொடுத்திருக்கிறார். "தீப சீசன் போர்டு ஜாஸ்தி வரும், பாத்துக்கப்பா. வர்றதுல திரௌபதிக்கு ஒரு பங்கு குடுத்துடு" என்று ஏற்பாடு. அதற்காக நேற்று தூரிகைகளைப் பரணிலிருந்து இறக்கினார்.

அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கருப்பன் சலூனில் எல்லாருக்கும் தெரியும். அந்த மாட்டுக்கு வக்காலத்து வாங்கப் போய் மாதம் மூன்று தரம் முடி வெட்டிக்கொண்டார். நீங்களாவது நேராகக் கேளுங்கள்.

அண்ணன் முழங்கால் தேவலையா?

பொன்னி

*

பிலாய்
20.11.1998

அன்புத் தம்பி செழியனுக்கு,

நாங்கள் நலம். அப்பாதுரை வந்து சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு அவர் கோடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்கேல் இல்லாமலே நேராகப் போடுகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்திருந்தோம். மாமா பேச்சுவாக்கில், "செழியன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"தங்கமான மனுஷங்க. பாவம், பத்திரிகைக்காரன் நிறுத்துனதுலேர்ந்து நம்ம கடையிலதான் உக்காந்து தவளை போட்டுக்கினு இருந்தாரு" என்றார் அப்பாதுரை. சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

சாப்பிட்டு முடித்து அவர் கிளம்பினார். கதவைச் சாத்தியதும், "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"மாடு வந்த அன்னிக்கே தெரியும்" என்றேன்.

ஆமாம் செழியா. உனக்கு மாடு வராது. எட்டாம் வகுப்பில் நீ வரைந்த மாட்டைப் பார்த்து அப்பா, "கழுதை நல்லா வந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு நீ மாடு வரைந்ததே இல்லை. பதின்மூன்று வருடத்துக் கடைசிப் பக்கத்தில், மாட்டுப் பொங்கல் இதழில்கூட, வண்டி இருக்கும், சாணம் இருக்கும், மாடு இருக்காது. அப்படிப்பட்டவன் ஐந்து கால் மாட்டை நான்தான் வரைந்தேன் என்று எழுதினால் நான் என்ன நினைப்பேன்? நீயாகச் சொல்லும் வரை பொறுப்போம் என்று இருந்தேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

"அப்ப, அந்த டிரேசர் வேலை யாருக்குக் கேட்ட?" என்றார் மாமா.

"செழியனுக்குத்தான்."

"ஐயோ! நல்லவேளை!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சொன்னார். 1985-இல் நீ பிரதி எடுத்த ஒரு பம்பு அடித்தளப் படத்தில் எட்டு போல்ட்டுக்கு ஏழு இருந்ததாம். அதைப் பார்த்துக் கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். இன்னொரு படத்தில் ஏணிக்கு ஒரு படி கூடுதல். "மூலத்துல இருக்கறத அப்படியே போடவே அவன் கைக்கு வராதுடி. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கம்மியா, ஒண்ணு ஜாஸ்தியா இருக்கும். அவனை எப்படி ஊருக்கு அனுப்பறதுன்னு ஒரு மாசமா நான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அவனே போயிட்டான். பெரிய மனசு" என்றார். நீ போன பிறகு பதினைந்து நாள் அவர் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை. உன் படத்தை வைத்து வேறு எங்கெல்லாம் என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாராம். இதை உன்னிடம் சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று பதின்மூன்று வருடமாக "உம்" போட்டிருக்கிறார்.

அப்பாதுரைக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத்தான் இங்கே மனசு ஒட்டவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சப்பாத்தி இறங்கவில்லை. தீபத்தன்று ஊரில் இருக்க முடியாதே என்று ரசத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவேனோ என்னவோ என்கிறார்.

இனிமேல் நமக்குள் மூன்றாவது ஆள் வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய்?

அக்கா

*

திருவண்ணாமலை
12.12.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இல்லாமல் இருந்தேன். இப்போது பரவாயில்லை.

அந்தக் கடிதம் வந்தது மே 22, மத்தியானம். படித்து மடித்து வைத்துவிட்டு, மேஜையில் பாதியில் இருந்த படத்தை வரைந்து முடித்தேன். பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். ஆறு வித்தியாசமும் வைத்தாகிவிட்டது. உறையில் போட்டு விலாசம் எழுதும்போதுதான் யாருக்கு அனுப்புகிறேன் என்று உறைத்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் வேறொருவர் பெயரில் உனக்கு எழுதியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை, பெயரைத் தவிர.

மாமா சொன்னதைப் பொன்னியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பதின்மூன்று வருடமாக அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். என் கோட்டைப் பார்க்க அவருக்குப் பயம் என்று தெரிந்திருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்தப் பம்பு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுது. வேண்டாம், கேட்காதே.

தீபம் முடிந்தது. கடையில் ஒரு மாதம் நிற்க நேரமில்லை. 'காலணிகளை இங்கே விடவும்' மட்டும் பத்தொன்பது போர்டு. அந்தப் பத்தொன்பது இடத்திலும் விட்டவர்கள் எப்படித் திரும்பக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு லாட்ஜுக்காரர் எட்டடிக்கு மலையும் நந்தியும் கேட்டார். நந்தியை முதுகுப் பக்கமிருந்து வரைந்து கொடுத்தேன், பக்தி அதிகம் என்று கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு 'வரிசையில் வரவும்' எழுதப் போனேன். எழுதுவதற்கு அனுமதி வாங்க இரண்டு நாள் வரிசையில் நின்றேன். கல்லூரியில் தவளை முடிந்துவிட்டது, அடுத்த பருவம் கரப்பான் பூச்சி.

தேன்குழல் சம்பளத்துக்கு இது இன்னும் ஈடாகவில்லை. ஆனால் வாடகை கொடுத்தாயிற்று, சிந்துஜாவுக்குப் பரீட்சைப் பணம் கட்டியாயிற்று. இரவில் தூங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் கேட்காத படம் ஒன்று போட்டேன். ஒரே படம்தான், ஜோடி இல்லை. பார்த்துவிட்டுப் பொன்னி, "இதுல எதைக் கண்டுபிடிக்கணும்?" என்றாள்.

கடைப் பலகையில் அப்பாதுரை பெயர் அப்படியே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் என்னை "அப்பாதுரை சார்" என்றே கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன். வாரா வாரம் திரௌபதி அண்ணியிடம் பங்கைக் கொடுக்கும்போது, "அவரு இல்லாம வீடே வெறிச்சுன்னு கீது தம்பி, வரச் சொல்லி எழுதட்டுமா?" என்று கேட்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "குளிர் காலம் போகட்டும் அண்ணி" என்கிறேன். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்வேன். ஆனால் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், நான் பெஞ்சிலிருந்து எழுந்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். கடை அவருடையது.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நாம் இத்தனை வருடமாகக் கடிதத்தின் தலையிலும் காலிலும் சௌக்கியம் விசாரித்து வந்திருக்கிறோம். வழக்கம் என்பதால் எழுதினோமே தவிர, பதிலை யாரும் படித்ததில்லை. இந்த முறை பதில் தெரிந்தாக வேண்டும். அப்பாதுரை அண்ணன் சௌக்கியமா? கம்பளி இருக்கிறதா, இல்லை நான் அனுப்பட்டுமா? இன்னும் சப்பாத்திதானா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது அக்கா, புதன்கிழமையும் கூப்பிட்டுச் சோறு போடு. ரசம் கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்று. மாமாவை அவரோடு கொஞ்சம் பேசச் சொல்.

உடனே பதில் எழுது.

செழியன்